கிளாஸ், ஒப்ஜெக்ட்: கம்பஸ் பேச்சும் உண்மையும்

பேராதனை வளாகமோ கண்டி நகரத்துத் தனியார் நிறுவனமோ, எங்கே படித்தாலும் முதல் செய்நிரல் பாடம் முடிந்த கையோடு பொருள்நோக்கு நிரலாக்கம் வந்து நிற்கும். கூடவே சீனியர்மாரின் அறிவுரைகளும் வரும். கண்டி குட்செட் பஸ் நிலையத்துக்கு ஓர் ஆசன முன்பதிவுச் செயலி எழுதுவதாக வைத்துக்கொண்டு அவற்றை உரசிப் பார்ப்போம்.

நம்பிக்கை: ஜாவா தெரிந்தால் இந்தப் பாடமும் தெரியும்.
உண்மை: ஜாவா வந்தது 1995இல். நோர்வேயில் டால், நைகார்ட் இருவரும் உருவாக்கிய சிமுலா 67 மொழியிலேயே அச்சுப் போன்ற கிளாஸ், அதிலிருந்து வார்க்கும் ஒப்ஜெக்ட், ஒரு கிளாஸ் இன்னொன்றின் இயல்புகளைப் பெறும் மரபுரிமை மூன்றும் இருந்தன. 2001ஆம் ஆண்டுக்கான டியூரிங் விருது அவர்களுக்குக் கிடைத்தது. ஜாவா நிரல் முழுவதையும் ஒரே மெயினுக்குள் கொட்டினாலும் ஓடும். அது பொருள்நோக்கு ஆகிவிடாது. உயர்தர ஐ.சி.ரி.யில் பழகிய பைதனிலேயே ஒழுங்கான கிளாஸ் எழுதலாம்.

நம்பிக்கை: கேள்வியிலுள்ள பெயர்ச்சொல் எல்லாம் கிளாஸ்.
உண்மை: பஸ், சாரதி, நடத்துநர் என்று அடுக்கிவிடலாம். சாரதியிடம் செயலி எதுவும் கேட்காவிட்டால் அந்த கிளாஸ் வீண் பாரம். ஆசனங்களை எங்கே வைப்பது? பலரும் பஸ்ஸுக்குள் வைப்பார்கள். காலையில் நுவரெலியா போய்வந்த பஸ் பின்னேரமும் புறப்படும்போது, காலையில் பதிந்த ஆசனங்கள் இன்னும் நிரம்பியே கிடக்கும்! ஆசனப் பதிவு 'பயணம்' என்ற கிளாஸுக்கு உரியது. கேள்வித்தாளில் அந்தச் சொல்லே இல்லாதிருக்கலாம். எந்த வேலைக்கு யார் பொறுப்பு என்று கேட்டால்தான் அது அகப்படும்.

நம்பிக்கை: பிரைவேட் போட்டு, கெட், செட் எழுதினால் உறைபொதியாக்கம் (தரவை கிளாஸுக்குள் காப்பது) முடிந்தது.
உண்மை: காலி ஆசன எண்ணிக்கையை யாரும் செட் செய்யலாம் என்றால் மைனஸ் 3 என்றும் செட் செய்யலாம். பூட்டைப் போட்டுச் சாவியைக் கதவிலேயே தொங்கவிட்ட கதை. செட்டை எடுத்துவிட்டு, இடம் இருக்கிறதா என்று பார்த்தபின் பதியும் 'ஆசனம்பதி' என்ற செயலை மட்டும் வெளியே கொடுங்கள்.

நம்பிக்கை: மரபுரிமை கூடக்கூட நிரல் தரமாகும்.
உண்மை: ஜாவாவை எழுதியவர்களே இதில் சறுக்கினார்கள். கடைசியாக வைத்ததை முதலில் எடுப்பதுதான் ஸ்டெக்கின் விதி. அதை வெக்டர் என்ற பட்டியல் கிளாஸின் வாரிசாக்கியதால் நடுவிலும் செருகலாம், நடுவிலிருந்தும் உருவலாம். விதி காற்றில் போயிற்று. மரபுரிமையைவிட ஒப்ஜெக்ட்களைச் சேர்த்துக் கட்டுவதையே நாடுங்கள் என்று 1994இல் வெளியான 'டிசைன் பேட்டர்ன்ஸ்' நூல் சொல்கிறது.

நம்பிக்கை: தமிழ் மொழிமூலம் படித்து வந்தவர்களுக்கு இது எட்டாது.
உண்மை: விரிவுரை ஆங்கிலத்தில் ஓடும்போது முதல் சில வாரம் திணறல்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் ஜாவாவின் ஒதுக்கப்பட்ட சொற்கள் ஏறக்குறைய ஐம்பதுதான். மாறிகளுக்கும் கிளாஸ்களுக்கும் தமிழில் பெயர் வைத்தாலும் ஜாவா ஏற்கும், பைதன் 3உம் ஏற்கும். பரீட்சைக்கு ஆங்கிலப் பெயர்களே வசதி. அதற்கு முன், ஒவ்வொரு கிளாஸின் பொறுப்பையும் தாளில் தமிழில் ஒரு வரியாக எழுதிப் பாருங்கள். ஒரு வரிக்குள் அடங்காவிட்டால் அந்த கிளாஸைப் பிரிக்க வேண்டியிருக்கும். பிழை ஆங்கிலத்தில் இல்லை.