போகோபபோகப் பரிமாணமும் தொலைக்காட்சியும்

இல்லறத்தார் ஏற்கும் விரதங்களுள் ஒன்று போகோபபோகப் பரிமாணம். உணவுபோல் ஒருமுறை நுகர்ந்ததும் தீர்வது போகம். ஆடைபோல் மீண்டும் மீண்டும் நுகரப்படுவது உபபோகம். இவ்விரண்டிற்கும் அளவு வகுத்துக்கொள்வதே இவ்விரதம். சமந்தபத்திர ஆசாரியர் தம் இரத்தினகரண்ட சிராவகாசாரத்தில் உணவு, ஊர்தி, ஆடை, அணி முதலியவற்றோடு இசையையும் பாட்டையும் இவ்வளவிற்குள் அடக்கியுள்ளமை நாம் ஊன்றி நோக்கத்தக்கது.

1975 ஆகஸ்டு 15 அன்று சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது. அந்நாளில் ஒரே அலைவரிசை. வெள்ளி மாலை 'ஒலியும் ஒளியும்' முடிந்ததும் மனநிறைவோடு எழுந்துவிடுவோம். 1993இல் சன் தொலைக்காட்சி வந்தது. பின்னர் அலைவரிசைகள் நூற்றுக்கணக்கில் பெருகின. 2019 பிப்ரவரியில், வேண்டியவற்றை மக்களே தேர்ந்து பணம் செலுத்தும் முறையைத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் நடைமுறைக்குக் கொணர்ந்தது. ஆயினும் பலர் தேர்ந்தெடுக்கவில்லை. அத்தகையோருக்குப் பொருத்தமான தொகுப்பை ஒளிபரப்பை வழங்குவோரே அமைத்துத் தருமாறு ஆணையம் அறிவிக்க நேர்ந்தது. நாம் தேராவிடில் நமக்காகப் பிறர் தேர்வர் என்பதற்கு இது சான்று.

சென்ற கோடை விடுமுறையில் பிரம்மதேசத்தில் உள்ள எம் இல்லத்திற்கு வந்த பெயரன், கைப்பேசியில் நெடுநேரம் படம் தேடி, ஒன்றையும் பாராமலே உறங்கிவிட்டான். அவனைக் கடிந்துகொள்ள எமக்குத் தகுதி இல்லை. யாமும் அன்று மாலை அலைவரிசைகளை மாற்றிக்கொண்டே இருந்து, சாமாயிக வேளையைத் தவறவிட்டிருந்தோம்.

அருகிலுள்ள மரக்காணம் உப்பளங்களில் பாத்திக்கு நீரை அளந்தே விடுவர். மிகுந்தால் காய்வதற்கு வெயில் போதாது, உப்பு விளையாது. மனமும் அத்தகையதே.

கதிரவன் மறைந்தபின் உண்ணலாமா என்று நம் இல்லங்களில் நாள்தோறும் எவரும் ஆராய்வதில்லை. அது முன்னரே முடிவானது. ஆதலின் மனம் அலைவதில்லை. காட்சிக்கும் அவ்வாறே வரையறை செய்யலாம். வாழ்நாள் முழுமைக்கும் ஏற்பது யமம்; இன்று, ஓர் இரவு, ஒரு மாதம் எனக் காலவரையறையோடு ஏற்பது நியமம். நமக்கு முதற்படி நியமமே.

இல்லத்துப் பயிற்சி:

1. பார்க்கவேண்டியதைப் பெட்டியைத் திறக்குமுன் முடிவு செய்க.
2. முடியும் நேரத்தையும் குறித்துக்கொள்க.
3. முடிந்ததும் அணைத்துவிட்டு, கண்டதைக் குறித்துக் குடும்பத்தாரோடு சிறிது நேரம் உரையாடுக.

ஒரு பக்கம், அதாவது பதினைந்து நாள், இந்நியமத்தைக் கைக்கொள்வோம். சிறுவரை ஏவுமுன் பெரியோராகிய நாம் தொடங்குவோம்.