உணவுக்குழாய்ப் புற்றுநோய்: மரபணு நெறிப்படுத்துதலும் உயிரிக்குறிப்பான்களும் – முக்கியக் குறிப்புகள்

வகைகள்
- தட்டைச்செல் புற்று: உணவுக்குழாயின் மேல், நடுப் பகுதி, உலக அளவில் மிகுதி. காரணிகள்: புகையிலை, மது, வெற்றிலை பாக்கு.
- சுரப்பிப் புற்று: கீழ்ப் பகுதி, மேலைநாடுகளில் மிகுதி. காரணிகள்: அமில எதுக்களிப்பு, உடற்பருமன்.
- பெயர் ஒன்று, நோய் இரண்டு. 2017 புற்று மரபுத்தொகுதி வரைபட ஆய்வு (164 கட்டிகள்): தட்டைச்செல் புற்று தலை–கழுத்துப் புற்றை ஒத்தது, சுரப்பிப் புற்று இரைப்பைப் புற்றை ஒத்தது. இரண்டுக்கும் ஒரே குறிப்பான் எழுதுவது பிழை.
- 2022, உலகம்: புதிய நோயாளிகள் சுமார் 5.11 லட்சம், இறப்பு சுமார் 4.45 லட்சம், புற்றுநோய் இறப்புகளில் 7ஆம் இடம்.
- ஆசியப் புற்று வளையம்: ஈரானின் கோலஸ்தான் முதல் வட சீனம் வரை. இந்தியாவில் மிகு பாதிப்பு: காஷ்மீர், மேகாலயா.

பாரெட் உணவுக்குழாய்
- விவரித்தவர்: நார்மன் பாரெட், 1950.
- அடுக்குத் தட்டை எபிதீலியத்தின் இடத்தில் கோப்பைச் செல்கள் கொண்ட தூண் எபிதீலியம். சுரப்பிப் புற்றின் முன்நிலை.
- சிடிஎக்ஸ்2: குடல் அடையாளம் தரும் படியெடுத்தல் காரணி, அமிலமும் பித்தநீரும் பட்ட செல்களில் வெளிப்பாடு உயர்வு.
- சாக்ஸ்2: தட்டைச்செல் அடையாளக் காரணி, தட்டைச்செல் புற்றில் நகல் பெருக்கம், 3ஆம் குரோமோசோம்.

மரபணுக்கள்
- டிபி53: 17ஆம் குரோமோசோம், குட்டைக் கரம், இரு வகையிலும் மிக அதிகத் திடீர்மாற்றம். புரதம் கண்டறிந்த ஆண்டு 1979. ‘மரபுத்தொகுதியின் காவலன்’ – டேவிட் லேன், 1992.
- சிடிகேஎன்2ஏ: 9ஆம் குரோமோசோம், பி16 புரதம். ஊக்குவிப்பான் பகுதியில் மெத்தில் தொகுதி ஏற்றம். டிஎன்ஏ வரிசை மாறாமலே மரபணு முடக்கம்.
- ஆர்எச்பிடிஎஃப்2: டைலோசிஸ், ஓங்கு மரபு, உள்ளங்கை, உள்ளங்கால் தோல் தடிப்பு, மரபணுத் தொடர்பு கண்டறிந்த ஆண்டு 2012.
- ஏஎல்டிஎச்2: நொதிக் குறைபாட்டால் அசிட்டால்டிஹைடு தேக்கம், மது அருந்தியதும் முகம் சிவத்தல், கிழக்காசியரிடம் மிகுதி.
- நாட்ச்1: 2018 ஆய்வு, நடுவயதினரின் நலமான உணவுக்குழாயிலேயே திடீர்மாற்றம் பரவல், புற்றில் அதைவிடக் குறைவு. திடீர்மாற்றம் மட்டும் புற்றின் சான்று அன்று. குறிப்பான் பாடத்தில் இதைவிட முக்கியமான வரி இல்லை.

மைக்ரோ ஆர்என்ஏ
- உணவுக்குழாய்ப் புற்றில் மிர்-21 உயர்வு, மிர்-375 தாழ்வு.
- முதல் மைக்ரோ ஆர்என்ஏ: லின்-4, 1993. நோபல் 2024: விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ருவ்குன்.

உயிரிக்குறிப்பான்கள்
- டிஎஃப்எஃப்3: கோப்பைச் செல் புரதம், பாரெட் நிலையின் குறிப்பான். கண்டறியும் கருவி: நூலில் கோத்த மாத்திரை. விழுங்கியபின் இரைப்பையில் உறை கரைந்து பஞ்சாக விரிதல். நூலை இழுக்கையில் உணவுக்குழாய்ச் செல்கள் பஞ்சில் ஒட்டி வெளிவருதல். பின் டிஎஃப்எஃப்3 சாயமேற்றம். பெயர்: சைட்டோஸ்பாஞ்ச். ரெபெக்கா ஃபிட்ஸ்ஜெரால்ட், கேம்பிரிட்ஜ். இக்கருவியின் பெஸ்ட்3 ஆய்வு: 2020.
- விமென்டின், சிசிஎன்ஏ1: மெத்தில் ஏற்றக் குறிப்பான்கள், பாரெட் நிலை.
- ஹெர்2: சுரப்பிப் புற்று, மருந்து ட்ராஸ்டுசுமாப்.
- பிடி-எல்1: நோயெதிர்ப்புச் சிகிச்சைக்கான குறிப்பான், மருந்து பெம்ப்ரோலிசுமாப்.
- குருதிக் குறிப்பான்கள்: எஸ்சிசி எதிர்ப்பொருள்தூண்டி, சைஃப்ரா 21-1, சிஇஏ. தொடக்க நிலையில் உணர்திறன் குறைவு.