தரவுத்தளம்: புலத்திற்குப் பொருத்தமான தரவு வகையைத் தெரிதல்

அட்டவணை ஒன்றைத் தந்து, அதன் ஒவ்வொரு புலத்திற்கும் பொருத்தமான தரவு வகையைக் குறிப்பிடுமாறு கேட்டால் மாணவர்கள் பலருக்கு மகிழ்ச்சி. இலகுவான வினா என்று அரை நிமிடத்தில் எழுதி முடித்துவிடுவார்கள். புள்ளி போவதும் இங்கேதான். இலக்கமாகத் தெரிவதெல்லாம் எண் வகை என எழுதிவிடுவதே காரணம்.

எனது வகுப்பு மாணவி ஒருவர் செயற்றிட்டத்திற்காக 40 மாணவர்களின் விபரங்களை மைக்ரோசொப்ட் அக்சஸில் பதிந்தார். சேர்விலக்கம், தொலைபேசி இலக்கம் ஆகிய இரு புலங்களுக்கும் அவர் தெரிந்தது நம்பர், அதாவது எண் வகை. அறிக்கையை அச்சிட்டபோது 021 எனத் தொடங்க வேண்டிய தொலைபேசி இலக்கங்கள் 21 எனத் தொடங்கின. 0456 என்ற சேர்விலக்கம் 456 ஆகியிருந்தது. உடனே டிசைன் வியூவிற்குச் சென்று வகையை டெக்ஸ்ட், அதாவது பாடம் என மாற்றினார். பூச்சியங்கள் திரும்பி வரவில்லை. வரவும் மாட்டா. எண் வகைப் புலம் பெறுமானத்தை மட்டுமே சேமிக்கும். 0456 இற்கும் 456 இற்கும் பெறுமானம் ஒன்றே. ஆகவே அவர் அவ்விரு புலங்களையும் மீண்டும் தட்டச்சுச் செய்ய வேண்டியதாயிற்று.

புலப் பண்புகளில் போர்மட் என்ற இடத்தில் 0000 எனக் கொடுத்தால் 0456 எனத் தெரியுமே என்று சிலர் கேட்பதுண்டு. தெரியும், ஆனால் அது தோற்றம் மட்டுமே. உள்ளே இருப்பது 456 தான்.

எனவே வகையைத் தெரியுமுன் உங்களிடமே கேளுங்கள்: இதைக் கூட்டுவேனா, சராசரி காண்பேனா? இரண்டு தொலைபேசி இலக்கங்களைக் கூட்டி யாருக்கும் பயன் இல்லை. தேசிய அடையாள அட்டை இலக்கமும் அவ்வாறே. பழைய அட்டையில் 9 இலக்கங்களுடன் ஓர் ஆங்கில எழுத்து இருப்பதால் அதில் குழப்பம் இல்லை. 2016 முதல் வழங்கப்படும் அட்டையில் 12 இலக்கங்கள் மட்டுமே இருப்பதால்தான் மாணவர் ஏமாறுகின்றனர். அதுவும் பாட வகையே.

மறுபுறமும் தவறு நேரலாம். பரீட்சைப் புள்ளிக்குப் பாட வகையைக் கொடுத்து ஏறுவரிசைப்படுத்திப் பாருங்கள். 9, 85, 100 என வரவேண்டியது 100, 85, 9 என வரும். கணினி அவற்றைச் சொற்களைப் போல் முதல் எழுத்திலிருந்து ஒப்பிடுவதே இதற்குக் காரணம். புள்ளி கட்டாயம் எண் வகையாக இருக்க வேண்டும்.

எண் வகையைத் தெரிந்தபின் புலத்தின் பருமனையும் கவனியுங்கள். பைட் 0 முதல் 255 வரையும், இன்டிஜர் -32,768 முதல் 32,767 வரையும் முழுவெண்களை ஏற்கும். முழுவெண்ணாக வழங்கப்படும் புள்ளிக்குப் பைட் போதும். சராசரி போன்ற தசம எண்ணுக்கு சிங்கிள் அல்லது டபிள் வேண்டும். முழுவெண் பருமனில் 67.4 எனப் பதிந்தால் 67 மட்டுமே மிஞ்சும். பரீட்சைக்கு வராத மாணவருக்கு 0 இடவேண்டாம், வெறுமையாக விடுங்கள். சராசரி காணும்போது அக்சஸ் வெற்றுப் புலத்தைச் சேர்ப்பதில்லை. 0 இட்டால் அதையும் ஒரு புள்ளியாகக் கொண்டு வகுப்பின் சராசரியைக் குறைத்துவிடும்.

பிறந்த திகதிக்குத் திகதி/நேரம். பாடமாகப் பதிந்தால் கால ஒழுங்கில் வரிசைப்படுத்த முடியாது. கட்டணத்திற்கு நாணயம். விடுதி மாணவரா, கட்டணம் செலுத்தினாரா போன்ற இரண்டே விடைகள் உள்ளவற்றுக்கு ஆம்/இல்லை.

பயிற்சி
பாடசாலை நூலக அட்டவணை ஒன்றின் புலங்கள் வருமாறு: நூல் இலக்கம் (உதாரணம்: 0072), நூலின் பெயர், விலை, கொள்வனவு செய்த திகதி, பக்கங்களின் எண்ணிக்கை, இரவல் வழங்கப்பட்டுள்ளதா.

1. ஒவ்வொரு புலத்திற்கும் உரிய தரவு வகையைக் காரணத்துடன் எழுதுக.
2. முதன்மைச் சாவியாக நூலின் பெயரைக் கொள்ள முடியாதது ஏன்? (ஒரே நூலின் மூன்று பிரதிகளை நூலகம் வாங்கியிருப்பதாகக் கொள்க.)
3. பக்கங்களின் எண்ணிக்கைக்கு மாணவர் ஒருவர் பைட் பருமனைத் தெரிந்தார். 312 பக்க நூலைப் பதிய முற்படும்போது அவர் எதிர்நோக்கும் சிக்கல் யாது?