கடலில் முக்குளிக்கக் கிளம்பும் தில்லிக்காரர்களுக்கு: நீரோட்டம் பார்த்து இறங்குங்கள்

பரீட்சை முடிந்து தில்லியில் வெயில் ஏறத் தொடங்கிவிட்டது. இங்கே நீச்சல்குளத்தில் ஸ்கூபா பழகியவர்கள் ஏப்ரலில் கடலுக்குப் போகத் திட்டமிடுவீர்கள். குளத்தில் நீரோட்டம் கிடையாது. அதனால் டிக்கெட் போடும் முன்பே நாள்காட்டியைப் பாருங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் அதிகமாக ஏறி வற்றும், இழுப்பும் கூடும். அஷ்டமியை ஒட்டித் தணியும். புதியவர்களுக்கு அந்த நாட்களே நல்லது.

அந்தமானில் ஸ்வராஜ் தீவின் நீமோ ரீஃப், கரையிலிருந்தே இறங்கக்கூடிய இடம். கடல் ஏறி முடிந்து நீர் நிற்கும் வேளைதான் அங்கே தோது. அது நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். நேற்றைய நேரத்தை இன்று நம்பாதீர்கள். கடைசி முக்குளிப்புக்கும் விமானத்துக்கும் இடையே 18 மணி நேரமாவது வேண்டும். ஆகவே ஒரு நாள் கூடுதலாகவே வைத்துக்கொள்ளுங்கள், அவசரப்பட்டு இறங்க நேராது.

தமிழகக் கரையில் இப்போது நீரோட்டம் வடக்கு நோக்கி ஓடுகிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை அது தெற்கே திரும்பிவிடும். கார்த்திகையில் போய்வந்தவர் சொன்ன குறிப்பு சித்திரைக்கு உதவாது.

இறங்குமுன் பாதி மூழ்கி மிதக்கும் தேங்காய் மட்டை ஒன்றை நீரில் விட்டு, அதோடு கரையில் நடந்து பாருங்கள். நிமிடத்துக்கு 15 மீட்டர் போனால் வேகம் அரை நாட். 30 மீட்டர் போனால் ஒரு நாட்: எதிர்த்து நீந்தினால் மூச்சு வாங்கும், சிலிண்டர் மளமளவெனக் காலியாகும். அன்று இறங்கவே வேண்டாம். மேல்நீர் ஒரு பக்கமும் அடிநீர் இன்னொரு பக்கமும் ஓடுவதுண்டு. கீழே போனதும் மீன்கள் எந்தப் பக்கம் முகம் வைத்து நிற்கின்றன என்று கவனியுங்கள். நீரோட்டம் வருவது பெரும்பாலும் அந்தப் பக்கமிருந்துதான். முதலில் அதை எதிர்த்துப் போங்கள், களைத்துத் திரும்பும்போது அதுவே கொண்டுவந்து சேர்க்கும்.

ஏப்ரல், மே மாதங்களில் கள்ளக்கடல் அபாயமும் உண்டு. தெற்கே வெகுதொலைவில் எழுந்த பேரலை, இங்கே காற்றே இல்லாத நாளில் கரையேறும். 2024 மே 6 அன்று குமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் சிக்கி இறந்தார்கள். கள்ளக்கடல் எச்சரிக்கை அப்போது அமலில் இருந்தது. ஹைதராபாத்தின் இன்காய்ஸ் மையம் வெளியிடும் கடல்நிலை அறிவிப்பைக் காலையில் பார்க்காமல் கிளம்பாதீர்கள்.

கரையில் மீனவர் யாரையாவது பார்த்து, "இன்னைக்கு நீரோட்டம் எப்படிண்ணே?" என்று கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் திரும்பிவிடுங்கள். டிக்கெட் காசு போனால் போகட்டும்.