அட்லாண்டாவில் விமானம் மாறும்போது

அமெரிக்காவின் அட்லாண்டா விமான நிலையத்தில் தரைக்கடியில் ஓடும் ‘பிளேன் டிரெயின்’ 1980 முதல் இருக்கிறது. ஓட்டுநர் கிடையாது, டிக்கெட்டும் வேண்டாம். ஒன்றைத் தவறவிட்டால் சில நிமிடங்களில் அடுத்தது வந்துவிடும். மூடுகிற கதவுக்குள் பெட்டியை நுழைக்காதீர்கள்.

குழப்பம், ரயில் நின்று செல்லும் கூடங்களுக்கு (கான்கோர்ஸ்) வைத்திருக்கும் ஆங்கில எழுத்துகளில்தான். உள்நாட்டு முனையத்தை ஒட்டியிருப்பது ‘டீ’ (டெலிபோனில் வருவது). பிறகு ஏ, பி, சி. அதற்கும் அப்பால்தான் ‘டி’ (டேவிட்டில் வருவது). கடைசியில் இ, எஃப். டீயும் டியும் காதில் ஒன்றுபோலவே விழும். காதை நம்பாமல் போர்டிங் பாஸைப் பாருங்கள்.

நேரம் கையில் இருந்தால் ரயிலை விட்டுவிட்டுப் பக்கத்துச் சுரங்கப்பாதையில் நடங்கள். டீக்கும் ஏவுக்கும் நடுவே ஜிம்பாப்வே கற்சிற்பங்கள் இருக்கின்றன, அவ்வளவு அழகு!