'டிக்... டிக்...' என்று துடிக்கும் பவர் சப்ளை

லீவுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் போனால் பாதி நாள் நான் ராஜபாளையத்தில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் ரிப்பேர் கடையில்தான் இருப்பேன். பஞ்சாலை ஊர் இல்லையா, மில் போர்டுகள் நிறைய வரும். போன தடவை வந்தது 24 வோல்ட், 5 ஆம்பியர் எஸ்.எம்.பி.எஸ். லோடு இல்லாமல் 24 வோல்ட் சரியாகக் காட்டுது. லோடு கொடுத்தால் 'டிக்... டிக்...' என்று விட்டு விட்டுத் துடிக்குது.

உள்ளே யு.சி.3842 ஐ.சி. மாஸ்ஃபெட் கரண்ட் ஒரு சின்ன சென்ஸ் ரெசிஸ்டர் வழியாகப் போகும். அதன் வோல்டேஜ் 3-வது பின்னில் 1 வோல்ட்டைத் தொட்டதும் ஐ.சி. அந்தப் பல்ஸை வெட்டிவிடும். லோடு அதைவிட அதிகமாகக் கேட்டால் அவுட்புட் இறங்கும்; ஐ.சி.க்குச் சப்ளை தரும் துணைச் சுற்றிலும் வோல்டேஜ் இறங்கும். 7-வது பின் 10 வோல்ட்டுக்குக் கீழே போனால் ஐ.சி. நின்றுவிடும். ஸ்டார்ட்டிங் ரெசிஸ்டர் வழியாக மெல்ல 16 வோல்ட் ஏறியதும் மறுபடி முயற்சிக்கும். அந்த முயற்சிதான் நமக்குக் கேட்கும் 'டிக்'.

"அவுட்புட் டயோடு ஷார்ட்டுண்ணே" என்றேன்.

"ஷார்ட்னா லோடு இல்லாமலும் துடிக்கணுமே தம்பி!"

சரிதான். மீட்டரை டயோடு மோடில் வைத்துப் பார்த்தோம், டயோடு நல்லாவே இருந்தது. (கை வைக்கும் முன் மெயின் கெப்பாசிட்டரை ரெசிஸ்டர் வழியாக டிஸ்சார்ஜ் பண்ணுங்க. 230 வோல்ட் ஏ.சி.க்கு அதில் சுமார் 325 வோல்ட் டி.சி. நிற்கும்.)

அடுத்து எனக்குத் தோன்றியது, சென்ஸ் ரெசிஸ்டர் மேல் ஒரு ஜம்பர் போட்டுப் பார்க்கலாமே என்று. அண்ணன் கையைத் தட்டிவிட்டார். ஜம்பர் போட்டால் 3-வது பின்னுக்கு எதுவுமே தெரியாது. உண்மையிலேயே ஓவர்லோடு வந்தால் மாஸ்ஃபெட் வெடிக்கும், கண்ணுக்கும் ஆபத்து.

பிறகு அந்த ரெசிஸ்டரையே அளந்தோம். 0.68 ஓம் இரண்டு பேரலலில் இருந்தன; 0.34 வரணும். மீட்டர் புரோப்களை ஒன்றோடொன்று தொட்டு வரும் அளவைக் கழித்துப் பார்த்தால் 0.68. இதைக் கழிக்காவிட்டால் இவ்வளவு சின்ன அளவில் மீட்டரை நம்பவே முடியாது. லென்ஸில் பார்த்தால் ஒரு ரெசிஸ்டரின் காலைச் சுற்றி சால்டர் வளையமாக விரிந்திருந்தது.

அதனால் லிமிட் 2.9 ஆம்பியரிலிருந்து 1.5-க்கு இறங்கியிருந்தது. ஃப்ளைபேக்கில் ஒவ்வொரு பல்ஸிலும் சேரும் சக்தி கரண்டின் வர்க்கத்தைப் பொறுத்தது. கரண்ட் பாதியானால் பவர் கிட்டத்தட்ட கால்வாசி. கரண்ட் ஒன்றும் அதிகமாகப் போகவில்லை. போகுது என்று ஐ.சி.க்குத் தப்பாகத் தகவல் போயிருக்கு!

இரண்டு ரெசிஸ்டர் கால்களையும் புதுசாக சால்டர் பண்ணி, 5 ஆம்பியர் லோடில் ஒரு மணி நேரம் ஓட விட்டோம். 'டிக்' வரவில்லை.