லேப் பயிற்சியிலிருந்து ஆராய்ச்சிக்கு: கடலூர் மாவட்ட வேதியியல் மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கெமிஸ்ட்ரி படிக்கிறீங்களா? ஆராய்ச்சி என்றாலே பிஎச்.டி. சேர்ந்த பிறகுதான் என்று நினைக்க வேண்டாம். இளநிலை படிக்கும்போதே தொடங்கலாம்.

தண்ணீரின் கடினத்தன்மையை டைட்ரேஷன் மூலம் கண்டுபிடிப்பது கல்லூரி லேபில் வழக்கமான பயிற்சி. அங்கே விடை ஆசிரியருக்கு முன்பே தெரியும். விடை யாருக்குமே தெரியாத ஒரு தண்ணீரை அதே பியூரெட்டில் சோதித்தால், ஆராய்ச்சியின் முதல் படியில் கால் வைச்சாச்சு.

கேள்வி ஊரிலேயே இருக்கு

கடலூர் கடலோர ஊர். சிப்காட் ரசாயன ஆலைகளும் இங்கே இருக்கின்றன. நிலத்தடி நீரைப் பற்றிய கவலை வீட்டுக்கு வீடு உண்டு. உங்க தெருக் கிணற்றில் குளோரைடு அளவு வடகிழக்குப் பருவமழைக்கு முன்னும் பின்னும் எவ்வளவு மாறுகிறது? இது நல்ல ஆய்வுக் கேள்வி. இந்தியக் குடிநீர்த் தரப்படி லிட்டருக்கு 250 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு நீர் கிடைக்காத இடத்தில் 1,000 வரை அனுமதி உண்டு.

என்ன செய்யணும்?

1. கேள்வியை ஒரு பக்கத்தில் எழுதி, உங்க துறை ஆசிரியரிடம் கொடுங்க. "ஏதாவது புராஜெக்ட் கொடுங்க சார்" என்று கேட்பதைவிட இது பலன் தரும்.

2. கல்லூரியில் கருவி இல்லையா? ஆசிரியர் வழியாகச் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை அணுகுங்க. 1929-இல் தொடங்கிய பல்கலைக்கழகம் இது. கழிமுகம், கடல்நீர் பற்றிய ஆய்வுக்கு அதன் பரங்கிப்பேட்டை கடல்சார் உயிரியல் மையம் இருக்கு.

3. தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றத்தின் மாணவர் ஆய்வுத் திட்டத்தில் நிதியுதவி கேட்கலாம். தகுதியையும் கடைசித் தேதியையும் அந்தந்த ஆண்டு அறிவிப்பில் பாருங்க.

4. இந்திய அறிவியல் கழகங்கள் நடத்தும் கோடைகால ஆராய்ச்சி உதவித்தொகைக்கும் ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம். தேர்வானால் விஞ்ஞானி ஒருவரிடம் இரண்டு மாதம் நேரடிப் பயிற்சி கிடைக்கும்.

கவனம்

மாதிரி எடுத்த இடம், தேதி, நேரத்தை அங்கேயே குறிச்சுக்கோங்க. ஒவ்வொரு மாதிரியையும் மூன்று முறை சோதியுங்க. எதிர்பார்த்த எண் வரலைன்னா மாத்தி எழுதாதீங்க. வந்ததை அப்படியே எழுதுங்க. "பணம் கட்டினா கட்டுரை வெளியிடுறோம்" என்று வரும் மெசேஜை ஆசிரியரிடம் காட்டாமல் நம்பாதீங்க.

அளவு அதிகமாக வந்தால், வாட்ஸ்அப்பில் பரப்பி ஊரைப் பயமுறுத்த வேண்டாம். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுத்து உறுதி செய்யுங்க. அந்தத் தண்ணீரைக் குடிக்கிறவங்க உங்க தெருக்காரங்க. அவங்களுக்குத் தேவை சரியான எண்.